கணினிச் சல்லடையும் தமிழ் முறமும்

(குசிலியம்பாறையில் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)

இவ்வூரின் பெயருக்குள்ளேயே ஓர் அயலெழுத்து குடியிருக்கின்றது. அரசுப் பலகையில் ‘குஜிலியம்பாறை’. தூயதமிழ் எழுதுவோர் கையில் ‘குசிலியம்பாறை’. உரோமன் எழுத்தில் எழுதப் புகுந்தாலோ குழப்பம் இருமடங்கு. ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஒத்தவாறு உரோமன் எழுத்தில் எழுதவேண்டும் என்று 1018 ஊர்களுக்குத் தமிழ்நாட்டரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 2020 சூன் திங்களில் அது வெளியே தெரிந்த சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அது தனிச்செய்தி, இங்கே பேசவந்தது தமிழெழுத்தில் எழுதும்போதே நேரும் இடர்ப்பாடு.

மாந்தன் கண்ணுக்குக் குஜிலியம்பாறையும் குசிலியம்பாறையும் ஓர் ஊரே. கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். பத்தாயிரம் வரிகள் கொண்ட ஒரு கோப்பில் ஒன்றைத் தேடினால் மற்றொன்று வாராது. ஊருக்கு நேர்வது ஆளுக்கும் நேரும். பள்ளிச் சான்றிதழில் ‘ராஜேந்திரன்’ என்றிருந்த ஒருவன், தமிழ்ப்பற்றால் ‘இராசேந்திரன்’ என்று எழுதத் தொடங்கினான் என்று கொள்ளுங்கள். அவனுடைய நிலப்பதிவு ஒருவகை, வாக்காளர் பட்டியல் ஒருவகை. பெயரைத் தமிழ்ப்படுத்திக்கொண்ட அன்றே அவன் பட்டியலிலிருந்து காணாமற் போகின்றான்! ‘இதற்காகவா பெயரை மாற்றினாய்?’ என்று சுற்றத்தார் கேட்கும்போது அவனிடம் விடையில்லை. விடை தரக்கூடிய ஒரு கருவி இருக்கின்றது. அதனை அறிந்த தமிழாசிரியர் மிகச் சிலர் என்பதே வருத்தம்.

ஆங்கிலத்தில் அதனை ‘இரெகுலர் எக்சுபிரெசன்’ என்பர். தமிழில் ‘சுருங்குறித்தொடர்’ என்று ஆள்கின்றனர். ஒரு சொல்லை அப்படியே தேடாமல், ‘இன்ன வடிவில் அமைந்த எதுவாயினும் காட்டு’ என்று கணினிக்கு இடும் கட்டளை அது. அமெரிக்க ஏரணவியலார் இசுடீபன் கிளீனி என்பார் 1951-இல் நரம்பு வலைகள் பற்றி எழுதிய ஆய்வறிக்கையில் இதற்குக் கால்கோள் இட்டார். பெல் ஆய்வகத்துக் கென் தாம்சன் என்பார் இதனைக் கணினியில் விரைந்து தேடும் முறையாக 1968-இல் வகுத்து வெளியிட்டார். 1973-இல் யூனிக்சு என்னும் இயங்குதளத்தோடு ‘கிரெப்’ என்னும் சிறு நிரல் வந்தது. ‘எங்கும் இத்தொடரைத் தேடி அச்சிடு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்ததே அப்பெயர். கோப்பை ஒவ்வொரு வரியாக எடுக்கும்; சொன்ன வடிவம் இருந்தால் அவ்வரியை வெளியிடும்; இல்லையேல் விட்டுவிடும். அவ்வளவே அதன் தொழில்.

நிலக்கடலையைச் சல்லடையில் இட்டுச் சலிக்கும் இவ்வூரார்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா. கண்ணின் அளவை மாற்றினால் நிற்பதும் இறங்குவதும் மாறும். சல்லடையின் கண்ணை வகுக்கும் குறிகளே சுருங்குறிகள்.

குறிகள் சிலவே. கூரைக்குறி (^) வரியின் தொடக்கத்தைக் குறிக்கும். தாலர்க்குறி ($) வரியின் முடிவைக் குறிக்கும். புள்ளி (.) ஏதேனும் ஓர் எழுத்து. பகர அடைப்புக்குள் ([ ]) பல எழுத்துகளை இட்டால் அவற்றுள் ஏதேனும் ஒன்று. அடைப்பின் முதலில் கூரைக்குறி இட்டால் அவை அல்லாத ஒன்று. நெடுக்குக்கோடு (|) ‘இது அல்லது அது’. பிறையடைப்பு ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டும். வினாக்குறி, ‘இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்பது. தமிழில் புள்ளி மெய்யெழுத்துக்கு உரியது. அது நின்றால் எழுத்து தெளிவாக வரையறுக்கப்படும். இங்கோ புள்ளி எதுவும் வரையறுக்கப்படாததைக் குறிக்கின்றது. முரண்தான், பழகிவிட்டால் இடர் இல்லை.

இனி இவ்வூர்ப் பெயரைச் சல்லடையில் இடுவோம். சியோ ஜியோ எது வந்தாலும் காட்டு என்று சொல்லவேண்டும். தமிழ் கற்றவர் ஒருவர் இயல்பாக எழுதுவது இவ்வாறு இருக்கும்:

கு[சிஜி]லியம்பாறை

இது ஒரு வரியையும் பிடிக்காது! கரணியம் என்ன? ‘சி’ என்பது ஓரெழுத்து என்று தமிழிலக்கணம் சொல்கின்றது, தமிழ்க்குழந்தை சொல்கின்றது. கணினி அதனைச் சகரம் ஒன்று, கொக்கி ஒன்று என்று இரண்டாக வைத்திருக்கின்றது. ஆகவே மேலே எழுதிய அடைப்புக்குள் அது காண்பது சகரம், கொக்கி, ஜகரம், மீண்டும் கொக்கி. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்து லகரத்தை எதிர்பார்க்கும். ‘குசலியம்பாறை’ என்று எவரேனும் பிழைபட எழுதியிருந்தால் அதனைப் பிடித்துக் கொடுக்கும், குசிலியம்பாறையை விட்டுவிடும். திருத்தம் இது:

கு(சி|ஜி)லியம்பாறை

ஆளின் பெயருக்கும் இவ்வழியே:

இ?ரா(சே|ஜே)ந்திரன்

முதலில் இகரம் இருப்பினும் இல்லாவிடினும், நடுவில் எவ்வெழுத்து வரினும், அவனைக் கண்டுபிடித்துவிடலாம். தூயதமிழ்ப் பெயரும் பழைய பதிவும் ஒரே வலையில் விழும். பெயரை மாற்றியவன் பழைய எழுத்துக்குத் திரும்பவேண்டியதில்லை.

இங்கே சற்று நிற்கவேண்டும். ‘சி’யை இரண்டாக்கியது யார்? 

இந்திய எழுத்துகள் அனைத்துக்குமாக 1988-இல் ஒரு பொதுக் குறியீடு வகுக்கப்பட்டது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு அதன் அடியொற்றியே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியது. வடவெழுத்தின் வரிசையை அளவுகோலாக வைத்து, அதில் எவ்வெழுத்து எங்கே நிற்கின்றதோ, தமிழில் அதற்கு நிகரான எழுத்தும் அங்கே நிற்கவேண்டும் என்று வகுத்தனர். ஆகவே ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று வெற்றிடங்கள். அவை வடமொழியின் மற்றைக் ககரங்களுக்கு உரியவை. வேற்றார் குடும்பத்துக்கு அளவெடுத்துக் கட்டிய வீட்டில் தமிழைக் குடிவைத்தனர் என்பது மிகையன்று.

இதன் விளைவைச் சுருங்குறித்தொடரில் கண்ணாரக் காணலாம். பகர அடைப்புக்குள் இரண்டு எழுத்துகளை இட்டு நடுவே சிறுகோடு இட்டால் ‘இதுமுதல் அதுவரை’ என்று பொருள். தமிழ் மெய்யெழுத்து வரிசை ககரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் என்பதை ஒன்றாம் வகுப்பு மாணவன் அறிவான். ஆகவே [க-ன] என்று எழுதினால் பதினெட்டும் அடங்கவேண்டும் அல்லவா? அடங்குவன ஒன்பதே! ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற ஆகிய ஒன்பதும் வெளியே நிற்கும். னகரத்தை நகரத்தை அடுத்து இழுத்து வைத்துவிட்டமையால் வரிசை அங்கேயே முடிந்துவிடுகின்றது. தமிழெழுத்துள் பாதி வெளியேற, அழையாத ஜகரமோ சகரத்தின் பின்னே உள்ளே அமர்ந்திருக்கும். [க-ஹ] என்று நீட்டினால் பதினெட்டும் வரும். கூடவே கிரந்த எழுத்துகளும் வரும். தமிழ் மெய்களை மட்டும் குறிக்கவேண்டின் பதினெட்டையும் ஒவ்வொன்றாக எழுதுவதே வழி.

எழுத்தெண்ணிக்கையும் அவ்வாறே. ‘தமிழ்’ மூன்றெழுத்து, கணினி ஐந்து என்கின்றது. குஜிலியம்பாறை ஏழெழுத்து, கணினிக் கணக்கில் பதின்மூன்று. மூன்றெழுத்துச் சொல் மட்டுமே உள்ள வரிகளைக் காட்டு என்று ^...$ எனக் கட்டளையிட்டால் ‘மரம்’ வாராது. ஈரெழுத்துச் சொல்லாகிய ‘கண்’ வந்து நிற்கும்.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. பைத்தான் என்னும் நிரல்மொழி இன்று பள்ளி மாணவர் முதல் பெரும் நிறுவனங்கள் வரை கையாளும் மொழி. அதனுடன் வரும் சுருங்குறிக் கருவியில், ‘சொல்லில் வரத்தக்க எழுத்து’ என்பதைக் குறிக்க ஒரு குறி இருக்கின்றது. அக்குறி உயிர்மெய்க் குறிகளையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. அக்கருவியால் ஒரு பத்தியைச் சொற்களாகப் பிரித்தால் ‘தமிழ்’ என்னும் பெயரே ‘தம’ என்றும் ‘ழ’ என்றும் இரு துண்டாகும். கொக்கியும் புள்ளியும் குப்பையாக உதிரும். 2007-ஆம் ஆண்டிலேயே இக்குறை அம்மொழியின் பிழைப்பதிவேட்டில் ஏறியது. ஒருங்குறிக் கழகத்தின் 18-ஆம் தொழில்நுட்பத் தரமும் இக்குறிகளைச் சொல்லெழுத்தாகவே கொள்ளச் சொல்கின்றது. ஆயினும் அடிப்படைக் கருவி மாறவில்லை. இந்திக்கும் இதே நிலைதான் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இது தமிழுக்கென்றே செய்த சூழ்ச்சி அன்று, உரோமன் எழுத்தை மட்டுமே எழுத்தென்று எண்ணிய குறுகிய பார்வை. வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளும் வேறு கருவிகளில் இக்குறை இல்லை. ‘ஓப்பன் தமிழ்’ என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு ஒரு சொல்லைத் தமிழ் முறைப்படியே எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகின்றது. தமிழர் தாமே முனைந்து செய்த பணி அது.

ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் வேண்டும் என்ற கோரிக்கையின் விளைவாகத் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீடு என்பது உருவாயிற்று. தமிழ்நாட்டரசு 2010 சூன் திங்களில் ஒருங்குறியையும் இக்குறியீட்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதில் ‘சி’ ஓரெழுத்து; ஒரு மெய்யின் வருக்கம் முழுதும் அடுத்தடுத்து நிற்கும்; வரிசையும் தமிழ் வரிசை. ஆயினும் உலகளாவிய பொதுக்குறியீட்டில் அதற்குக் கிடைத்தது தனியார் பயன்பாட்டுப் பகுதி ஒன்றே. கைப்பேசியில் ஒருவர் தட்டும் தமிழ் ஒருங்குறித் தமிழே. அதே 2010-இன் பின்பகுதியில் 26 கிரந்த எழுத்துகளைத் தமிழ்ப்பகுதிக்கு நீட்சியாகச் சேர்க்கும் முன்மொழிவு ஒன்று எழுந்ததும், தமிழறிஞர்கள் எதிர்த்து எழுந்ததும், 2014-இல் கிரந்தம் தமிழுக்குப் புறத்தே தனிப்பகுதியாக இடம்பெற்றதும் இங்குள்ளோர் நினைவில் இருக்கும். அன்று விழித்திருந்தமையால் தமிழ்ப்பகுதி காக்கப்பட்டது. 1988-இல் விழித்திருந்தார் இலர். இழப்பு அங்கே நேர்ந்தது.

கிரந்தச் சல்லடைக்கு வருவோம். இளைஞர் பலர் முதலில் எழுதும் தொடர் இது:

[ஜஶஷஸஹ]

இவ்வைந்தும் போதும். க்ஷ என்பதற்குள் ஷ இருக்கின்றது, தனியே எழுதவேண்டா. இரண்டாவதாக நிற்கும் ஶ எதற்கு என்று ஐயுறலாம். 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த எழுத்து அது. ‘ஸ்ரீ’ என்று திரையில் தோன்றும் வடிவம் சில கோப்புகளில் ஸகரத்தாலும் சில கோப்புகளில் ஶகரத்தாலும் ஆனது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஸகரம் மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். கண்ணை ஏமாற்றும் இரட்டை வடிவங்கள் வேறும் உண்டு. ‘கொ’ என்பதில் ஒகரக்குறி ஒன்றாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். ‘கௌ’ என்பதற்கு எகரக்கொம்பும் ளகரமும் இட்டு எழுதினோர் பலர். எகரத்துக்கு மாற்றாகத் தமிழ் எண் ஏழைத் தட்டி வைத்தோரும் உளர். தேடுவோன் தலையில் அடித்துக்கொள்வான். சலிக்கும் முன் கோப்பை ஒருவடிவாக்கிக் கொள்ளுதல் கட்டாயம்.

இச்சல்லடையைப் பிடித்தவுடன் சிலருக்குக் கை துறுதுறுக்கும். பிடித்த எழுத்தை உடனே மாற்றிவிடச் சொல்லிக் கட்டளையிடுவர். ‘ஸ்’ வருமிடமெல்லாம் ‘சு’ என்று ஆக்கு. ஒரே தட்டில் கோப்பு முழுதும் தூய்மை! ‘திண்டுக்கல் செல்லும் பஸ் வந்தது’ என்ற வரி என்னவாகும்? ‘திண்டுக்கல் செல்லும் பசு வந்தது’ என்றாகும். சிரிக்கலாம், ஆனால் இது வெறும் நகையாட்டு அன்று. பிறர் எழுதிய நூலையும் ஆவணத்தையும் இவ்வாறு மாற்றினால் அது சான்றழிப்பு. ஏட்டில் உள்ளதை உள்ளவாறு பதிப்பித்த உ. வே. சாமிநாதர் வழிவந்த நாட்டில், பொறியின் கையில் திருத்தத்தை ஒப்படைப்பது இழுக்கு. சல்லடை காட்டட்டும், கை திருத்தட்டும்.

எழுத்தை மாற்றினால் சொல் தமிழாகிவிடும் என்ற மயக்கமும் பரவியிருக்கின்றது. ‘சந்தோஷம்’ என்பதைச் ‘சந்தோசம்’ என்றும், ‘விஷயம்’ என்பதை ‘விசயம்’ என்றும் எழுதிவிட்டு நெஞ்சு நிமிர்த்துவோர் இயக்கத்துள்ளும் உளர். கிரந்தச் சல்லடை இவற்றைப் பிடிக்காது. மகிழ்ச்சியும் செய்தியும் கையிருக்க, இவற்றுக்குச் சட்டையை மட்டும் மாற்றி உள்ளே விட்டது யார் பிழை?

இதனினும் நுண்ணிய கண்ணுடைய சல்லடை தமிழிடம் இருக்கின்றது. தொல்காப்பியர் மொழிமரபில் எவ்வெழுத்துச் சொல்லுக்கு முதலாகும், எது ஈறாகும் என்று வரையறுத்தார். நூன்மரபில் எம்மெய்யோடு எம்மெய் மயங்கும் என்று வகுத்தார். இவை யாவும் வடிவ நெறிகள். பொருளைக் கேளாமல், எழுத்தின் வரிசையை மட்டும் நோக்கி ஆகும் ஆகாது என்று சொல்வன. சுருங்குறித்தொடரும் அதனையே செய்கின்றது. ‘கிளீனிக்கு ஈராயிரம் ஆண்டு முன்னரே தொல்காப்பியர் கணினியியல் கண்டார்’ என்று மேடையில் முழங்கிக் கைதட்டு வாங்குவது எளிது. அவ்வாறு சொல்லத் தேவையில்லை. அவர் செய்தது இலக்கணம், அதுவே போதிய பெருமை. அவர் நூற்பாக்கள் இன்றைய பொறிக்கு அப்படியே கட்டளையாகக்கூடிய தெளிவுடன் இருக்கின்றன என்பதே பயன்படும் உண்மை.

மொழிமுதல் ஆகாத மெய்கள் ஒன்பது. அவற்றைச் சொல்லின் தொடக்கத்தில் தேடுவது எளிது:

(^| )[ஙடணரலழளறன]

வரித்தொடக்கத்திலோ இடைவெளியை அடுத்தோ இவ்வெழுத்துகள் வந்தால் வரி நிற்கும். ‘ரோடு’, ‘லாரி’, ‘டாக்டர்’, ‘ரதம்’, ‘லாபம்’ எல்லாம் சிக்கும். ‘ரகரம்’, ‘லகரம்’ என்பனவும் சிக்கும். ஆனால் எழுத்து தன் பெயரைச் சொல்லும்போது முதலில் வரலாம் என்று தொல்காப்பியரே விலக்குக் கொடுத்திருக்கின்றார். உழவர் வாயில் பிறக்கும் ‘ரெண்டு’ம் சிக்கும். அது இரண்டு என்பதன் பேச்சுவடிவம், தமிழின் வயிற்றுப்பிள்ளை. அதனை அயற்சொல்லோடு சேர்த்து ஒதுக்குவோன் தமிழறியான்.

அடுத்த சல்லடையே இவற்றுள் சிறந்தது. க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் சொல்லினுள் தம்மோடு தாமே மயங்கும், பிறவற்றோடு மயங்கா. பக்கம், அச்சம், முத்து, அப்பம் உண்டு. க்த, ப்த, த்ம என்பன தமிழில் இல்லை. அதனைத் தொடராக்கினால்:

([கசதப])்(?! ?\1)

பார்க்க முள்வேலி போல இருக்கும், அஞ்சவேண்டா. பிறையடைப்புக்குள் நிற்கும் நால்வருள் ஒருவரைப் பிடி. அவர்மேல் புள்ளி இருக்கவேண்டும். அடுத்து அவரே மீண்டும் வாராமல் வேறொருவர் வந்தால் வரியைக் காட்டு. பின்னே உள்ள பின்சாய்கோடும் ஒன்றும் ‘முதலில் பிடித்த அதே எழுத்து’ என்று பொருள்படும். நடுவே ஓர் இடைவெளி விட்டு வினாக்குறி இட்டிருப்பதைக் கவனிக்கவேண்டும். ‘படித்துப் பார்த்தான்’ என்பதில் பகர ஒற்றுக்குப் பின் இடைவெளி, பின்னர்ப் பகரம். புணர்ச்சியால் வந்த அவ்வொற்றைப் பிழையென்று பிடிக்காதிருக்கவே அந்த வினாக்குறி.

இவ்வொரு தொடர் இருவேலை செய்கின்றது. ‘பக்தி’, ‘சக்தி’, ‘சப்தம்’, ‘ஆத்மா’ என்று கிரந்த எழுத்தே இல்லாமல் நுழைந்தவற்றைக் காட்டும். ‘அவனைச் பார்த்தேன்’ என்று ஒற்றைத் தவறான இடத்தில் இட்ட அச்சுப்பிழையையும் காட்டும். மெய்ப்புப் பார்ப்போர்க்கு இது கையில் விளக்கு. ஒரு குறை உண்டு: கருவி வரிவரியாகப் பார்ப்பது. ஒரு வரியின் கடைசியில் ‘படித்துப்’ என்று முடிந்து, அடுத்த வரியில் ‘பார்த்தான்’ என்று தொடங்கினால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதற்குத் தெரியாது. பிழையற்ற வரியைப் பிழையென்று நிறுத்தும். தமிழ்ப் புணர்ச்சி வரியைத் தாண்டும். ஆகவே பத்தி முழுவதையும் ஒரே வரியாக்கிக்கொண்டு சலித்தல் நன்று.

நேர்மையாக ஒன்று சொல்லியாகவேண்டும். ‘முதலில் பிடித்த அதே எழுத்து’ என்னும் வித்தை இவ்வளவு எளிதாக நடப்பதற்கு, ஒருங்குறியில் பகரம் வேறு, உயிர்க்குறி வேறு எனப் பிரிந்திருப்பதே கரணியம். ‘ப்’, ‘பா’, ‘பி’, ‘பு’ எதுவாயினும் பகரம் முன்னிற்கின்றது. குறைகூறிய அதே பிரிப்பு இங்கே கைகொடுக்கின்றது. அனைத்தெழுத்துக் குறியீட்டில் இதனையே செய்ய நான்கு வருக்கத்துக்கும் நான்கு தொடர்கள் எழுதவேண்டும். குறியீட்டுப் பூசலில் ஒருபக்கம் மட்டுமே நயம் இருப்பதாகப் பேசுவோர் இரண்டிலும் ஒருநாள் சலித்துப் பார்க்கட்டும்.

ஒற்று விடுபட்ட இடத்தைத் தேடுவதற்கு வேறு தொடர் வேண்டும். [அஇஎ]ந்த [கசதப] என்று எழுதினால் ‘அந்த பையன்’, ‘இந்த கடை’ என்னும் வரிகள் நிற்கும். முதலெழுத்தை விட்டுவிட்டு ‘ந்த’ என்று மட்டும் எழுதினால் ‘வந்த பையன்’ என்பதும் நிற்கும். அது பெயரெச்சம், அங்கே வலி மிகாது. இலக்கணம் கல்லாதவன் எழுதும் சல்லடை பிழையில்லாதவனையும் நிறுத்தி வைக்கும். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பெயரெச்சம் தெரியவில்லை. பெயரெச்சம் தெரிந்த புலவர்க்கு நிரல் தெரியவில்லை. இருவரும் ஒரு திண்ணையில் அமர்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை இது. 

இத்தனை சல்லடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு பெயரை அவற்றுள் இடுவோம். அப்பெயர் ‘சுவாமி வேதாசலம்’. கிரந்த எழுத்து இல்லை, இறங்கிவிடும். மொழிமுதலில் குற்றம் இல்லை, இறங்கிவிடும். ஈறு மகரமெய், இறங்கிவிடும். மெய்ம்மயக்கத்தில் பிழை இல்லை, அதுவும் இறங்கிவிடும். எந்தச் சல்லடையிலும் நில்லாத அந்தப் பெயரையே 1916-இல் அடிகளார் துறந்து மறைமலையடிகள் ஆனார். அவர் கண்டது எழுத்தை அன்று, சொல்லின் பிறப்பை.

சல்லடை அளவைப் பார்க்கும், எடையைப் பார்க்காது. கடலையும் அதே அளவுள்ள கல்லும் ஒரே கண்ணில் இறங்கும். அதன்பின் முறம் வேண்டும். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல், நேம்புதல் என்று முறத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி இது. அவ்வேலையைத் தாய்மார் கை அறியும். சொல்லாராய்ச்சியில் அந்த முறத்தைக் கையில் எடுத்தவர் மொழிஞாயிறு பாவாணர். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநராகப் பொறுப்பேற்றபோது, அவரிடம் இருந்தவை வேர்ச்சொல் அறிவும் தாள் துண்டுகளும். இன்று அத்தகைய அகரமுதலிகளின் சொற்பட்டியலைக் கணினியில் இட்டு, எழுத்துச் சல்லடையில் தப்பிய சொற்களை அப்பட்டியலோடு ஒத்துப்பார்க்கச் செய்யலாம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் பல எழுத்துக் கோப்புகளாகவே கிடைக்கின்றன. எந்தச் சொல் எந்நூலில் முதலில் தலைகாட்டுகின்றது என்று வரிவரியாக வடித்தெடுக்கலாம். அயற்சொல் என்று ஒருவர் சொல்வதையும் தமிழ்ச்சொல் என்று மற்றவர் சொல்வதையும் சான்று காட்டி அளக்க அது துணைசெய்யும். முடிவு சொல்வது அப்போதும் புலவரே.

உடனடியாகச் செய்யக்கூடியவை இரண்டு. இவ்வட்டத்துத் தமிழன்பர் ஒவ்வொருவரும் தம் பெயர், தந்தை பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றின் எழுத்து வேறுபாடுகளை ஒரு தொடராக எழுதி வைத்துக்கொள்க. பதிவுகளைத் தேடும்போது அது உதவும். இயக்க இதழ்களை அச்சுக்கு அனுப்புமுன் மேற்சொன்ன சல்லடைகளில் ஒருமுறை இடுக. கிரந்தச் சல்லடையில் இவ்வுரையே பல வரிகளில் சிக்கும். எழுத்தைப் பற்றிப் பேச எழுத்தை எழுதித்தானே ஆகவேண்டும்!

மொழிமுதல் நெறிகளை முழுமையாகத் தொடராக்கும் பணியில் ஓரிடம் மட்டும் தடைப்பட்டு நிற்கின்றது. சகரம் அகரத்தோடு கூடி மொழிமுதல் ஆகுமா என்பது அவ்விடம். தொல்காப்பிய நூற்பாவில் அ, ஐ, ஔ என்னும் மூன்றையும் விலக்கும் பாடம் ஒன்று. ஔகாரம் ஒன்றை மட்டும் விலக்கும் பாடம் மற்றொன்று. முதற்பாடத்தைக் கொண்டால் ‘சட்டி’யும் ‘சல்லடை’யும் பிழையாகச் சிக்கும். மனம் இரண்டாம் பாடத்தையே நாடுகின்றது. ஆனால் மனம் நாடுவது சான்று ஆகாது. மாவட்டத்துப் புலவர்கள் கூடி ஆய்ந்து எதனைக் கொள்ளலாம் என்று எழுதியனுப்பும்வரை, தொடர்ப்பட்டியலில் அந்த ஒரு வரி எழுதப்படாமல் இருக்கும்.